வீட்டு வாசலில் நின்ற பஸ்

கைல், தெற்கு டகோட்டா
9 நவம்பர் 1982

அன்புள்ள அக்கா ஆர்டெலுக்கு,

தம்பி ஈனோஸ் எழுதுகிறேன். நானும் லவோனும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் ரூபனும் அப்படியே இருக்கவேண்டும்.

இரண்டு வரி எழுதிவிட்டு அடுப்புக்கு விறகு போட எழுந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து நாய்க்கு எதையோ எடுத்து வைத்தேன். லவோன் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாய் அப்பவே தின்னாச்சு. உக்காந்து எழுது" என்றாள். எழுதுகிறேன்.

அம்மா போய்விட்டார்கள். அக்டோபர் நடுவில், வீட்டில், தன் கட்டிலிலேயே. அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்தேன். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நீ வீடு மாறியது எங்களுக்குத் தெரியாது. அடக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். சாலையில் எந்தக் கார் புழுதி கிளப்பினாலும் சித்தப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதற்குமேல் முடியவில்லை. ஓக்லண்டில் நம் சனங்கள் கூடுகிற மன்றத்துக்கு எழுதிக் கேட்டு, உன் புது விலாசம் நேற்றுதான் வந்தது.

இதை ஒரு கடிதத்தில் நீ படிக்கும்படி ஆகிவிட்டது. வேறு வழி தெரியவில்லை.

வழக்கப்படி ஒரு வருஷம் அம்மாவை வீட்டில் வைத்திருப்போம். அவர்கள் தட்டு தனியாக இருக்கிறது. அடுத்த அக்டோபரில் ஊரைக் கூட்டிச் சோறு போட்டு அனுப்பிவைக்கவேண்டும். நீ வரவேண்டும் அக்கா. பெரியவள் நீ.

ரூபனுக்கு எங்கள் அன்பு.

உன் தம்பி
ஈனோஸ்


ஓக்லண்ட்
20 ஜனவரி 1983

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லாரையும் கடவுள் குளிரிலிருந்து காப்பாற்றட்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். ரூபன் கடற்படையில் சேர்ந்துவிட்டான். அவன் அப்பா கப்பலில் சமையல் செய்தார், மகன் கப்பலைத் துடைக்கிறான்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் பதில் எழுதினேன், தபாலில்தான் போடவில்லை.

இப்போது ஹோல்கேட் அம்மாள் என்று ஒரு வயதானவள் வீட்டில் கூடவே தங்கி வேலை செய்கிறேன். பணக்காரி, காது மந்தம், வாய் மந்தமில்லை. அதனால்தான் விலாசம் மாறியது. எழுதிச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது யார்? கடைசியில் என்னைக் கேட்டார்களா?

குழந்தைகளுக்கு முத்தம்.

அக்கா
ஆர்டெல்


கைல்
15 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். சின்னவளுக்கு மட்டும் சளி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ சொல்லவில்லை, ஆனால் நம் குடும்பத்துப் பெண்களுக்கு இந்த வயதில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

தலை வாரியது லவோன். நன்றாக வாரினாள். சிவப்பு நாடா கட்டினாள்.

நீ கேட்ட இரண்டாவது விஷயத்தை எழுதத் தெரியவில்லை. நேரில் வா, சொல்கிறேன். நேரில் மட்டும் சொல்லிவிடுவேனா என்றால் அதுவும் சந்தேகம்தான். வளர்ந்த அக்காளும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசாத சனம் நாம். நீ போனபோது எனக்கு ஒன்பது வயது, உன் முதுகில் தொங்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது எனக்கு முப்பத்தைந்து. நீ வந்தால் உன்னிடம் சொல்லவேண்டியதை எல்லாம் லவோனிடம் சொல்லி, அவள் உன்னிடம் சொல்லி, அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். காகிதத்தில்தான் எனக்கு இவ்வளவு வாய்.

ஒரு நல்ல செய்தி. ராப்பிட் சிட்டியில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதத்திலிருந்து. சின்ன பஸ், இருபது பேர். நானே ஓட்டிக்கொண்டு நானே மைக்கில் பேசவேண்டும். கருமலை, காற்றுக்குகை, கரடி வீடு என்கிற ஒற்றைப் பாறை, பிக்ஹார்ன் மலை, யெல்லோஸ்டோன், திரும்பி வரும் வழியில் நம் மாகோ சீச்சா, அந்தப் பாழ்நிலம். ஒரு வாரம். என்ன பேசவேண்டும் என்று முதலாளி தட்டச்சு அடித்துக் கொடுத்திருக்கிறார். "இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம் ஈனோஸ், ஜனங்க லீவுல வர்றாங்க" என்கிறார். "இப்பகுதியில் ஒரு காலத்தில் செவ்விந்தியர்கள் வாழ்ந்தனர்" என்று ஒரு வரி. லவோன் முன்னால் பேசிப் பழகினேன். "ஒரு காலத்துலயா? அப்போ இந்தப் பாத்திரத்த யாரு கழுவினது?" என்றாள்.

அக்டோபருக்கு வருகிறாயா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி
ஈனோஸ்


ஓக்லண்ட்
28 ஏப்ரல் 1983

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இரு. சின்னவளின் சளி விட்டதா? முழங்கால் பேசுகிறது, நீ சொன்னபடியே.

உன் வேலையை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கே நிறுத்துவாய்? எவ்வளவு நேரம்? வயதானவர்கள் வந்தால் ஏற இறங்க முடியுமா? கருமலையில் அந்த ஏரி இன்னும் அப்படியே இருக்கிறதா? பஸ் நம் வீட்டுப் பக்கம் வருமா? எல்லாவற்றையும் எழுது. ஹோல்கேட் அம்மாளுக்குப் படித்துக் காட்டுகிறேன், அவளுக்குப் பொழுது போகும்.

லவோனுக்கு என் நன்றியைச் சொல். நாடாவுக்கு.

அக்கா
ஆர்டெல்


கைல்
19 ஜூன் 1983

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம், அங்கே சுகமா? மழை பெய்து புல்வெளி முழுக்கப் பச்சை. நீ பார்த்தால் உட்கார்ந்துவிடுவாய்.

அந்த ஒரு வரியை நீ எழுதவில்லை. பரவாயில்லை. நீ கேட்டதைச் சொல்கிறேன்.

முதல் நாள் கருமலை. காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்துக்கொள்ளும், அவை நகரும்வரை நாம் நகர முடியாது. பயணிகளுக்கு அதுதான் பிடிக்கிறது. ஏரி அப்படியேதான் இருக்கிறது. பாறைகளின் தலைகீழ் நிழலும் அப்படியே. அடுத்த நாள் காற்றுக்குகை. இரண்டு வெள்ளைக்காரச் சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று படிக்கிறேன். நம் ஆட்கள் அதற்குள்ளிருந்துதான் பூமிக்கு வந்தார்கள் என்று அம்மா சொல்வது நினைவுக்கு வரும். அது தாளில் இல்லை. சொல்வதில்லை.

போன வாரம் ஓர் அம்மாள் கேட்டாள். "நெஜமாவே நீங்க செவ்விந்தியரா?"

"ஆமாம்மா."

"இப்பவும் கூடாரத்துலயா இருக்கீங்க?"

"இல்லம்மா, அது ஒழுகும். தகரக் கூரை வீடு. அதுவும் ஒழுகும்."

அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். ஏறி இறங்க ஒரு சின்னப் பலகை போட்டு வைத்திருக்கிறேன், கிழவிகள் கஷ்டப்படுவதில்லை.

பஸ் நம் வீட்டுக்கு வராது. கடைசி நாள் சீனிக் ஊரைத் தாண்டும்போது தெற்கே நம் சாலை பிரிகிறது, தெரியுமல்லவா. அந்த இடத்தில் தாளில் புல்வகைகளைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதைப் படித்ததில்லை. வாயை மூடிக்கொண்டு நேராக ஓட்டிவிடுவேன்.

லவோன் விருந்துக்கு நட்சத்திரப் போர்வைகள் தைக்க ஆரம்பித்துவிட்டாள். எழுது.

தம்பி
ஈனோஸ்


ஓக்லண்ட்
30 ஜூலை 1983

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

ஹோல்கேட் அம்மாள் இந்தக் கோடையில் எங்காவது மலைப்பக்கம் போகவேண்டும் என்கிறாள். நான் துணைக்குப் போகவேண்டியிருக்கும். சில வாரம் என் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

அக்டோபர் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா
ஆர்டெல்


கைல்
5 செப்டம்பர் 1983

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

லவோன் எழுதுகிறேன். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு நலமா? பிள்ளைகள் அத்தையைக் கேட்கிறார்கள். பார்த்ததில்லை, ஆனாலும் கேட்கிறார்கள்.

நான் எழுதியது அவருக்குத் தெரியவேண்டாம்.

அவருடைய பஸ் வேலை போய்விட்டது. உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். சாலையில் புழுதி. பார்த்தால் அவருடைய பஸ், ஆள் நிறைய, நேராக நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. இறங்கி, "இஞ்சின் சூடு. ஒரு வாளி தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். வாளியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போனார். மூடியைத் திறக்கவே இல்லை அண்ணி. தண்ணீரை மண்ணில் ஊற்றினார். அப்புறம் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மாவின் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். பஸ் கதவு திறந்தே இருந்தது. ரொம்ப நேரம். உள்ளே இருந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள், பிள்ளைகள் கையசைத்தார்கள். பிறகு ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பயணம் முழுக்க அவர் தாளைப் படிக்கவில்லையாம், ஒரு வாரமும் தன் அம்மா கதையையே சொன்னாராம். வழி மாறியும் போயிருக்கிறார். யாரோ இரண்டு பயணிகள் புகார் சொல்லிவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டதற்கு இவர் வாயே திறக்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

உங்களிடம் மட்டும்தான் அவர் மனதைக் காட்டுவார். ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தங்கள்
லவோன்


ஓக்லண்ட்
14 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

நீயும் லவோனும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்டில் ஒரு வாரம் உன் பஸ்ஸில் வந்தேன். இடப்பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். தலையில் துணி, கறுப்புக் கண்ணாடி. பயணிகள் பட்டியலில் "திருமதி ஹோல்கேட், துணைக்கு ஒருவர்" என்று இருந்திருக்கும். அந்தத் துணை நான்.

ஹோல்கேட் அம்மாள் மூன்று விளம்பரத் தாள்களைப் போட்டு, "எனக்கு எல்லா மலையும் ஒண்ணுதான். நீயே ஒண்ணு எடு" என்றாள். எடுத்தேன். உன் கம்பெனியின் தாளை எடுத்த கையை என்னால் திருப்பி வைக்க முடியவில்லை.

முதல் நாள் காலையில் நீ படிக்குப் பக்கத்தில் நின்றாய். அப்பாவின் தோள் உனக்கு. "படி உசரம், பாத்து ஏறுங்கம்மா" என்றாய். எல்லாரிடமும் சொன்ன மாதிரியே. நீ கண்டுபிடிப்பாய் என்று காத்திருந்தேன். நீ வேறு பக்கம் திரும்பி அடுத்த கிழவிக்குக் கை கொடுத்தாய். சரி, ஒன்பது வயதில் பார்த்த முகம், எப்படித் தெரியும் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன். மத்தியானம் ஆனதும் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். அப்படியே ஒவ்வொரு வேளையும் போயிற்று.

வேறொன்றும் உண்டு. நீ மைக்கில் நம் பாஷையில் மலைக்கு, எருமைக்கு, புல்லுக்குப் பேர் சொன்னாய். எனக்குச் சில பேர் உடனே புரியவில்லை, தம்பி. பக்கத்தில் இருந்த அயோவாக்காரியோடு சேர்ந்து நானும் யோசித்தேன். அவளைப் போலவே நானும் ஏரியைப் படம் எடுத்தேன். இந்த நிலைமையில் எந்த வாயால் "நான்தான்" என்று சொல்ல?

நீ தாளைப் படிக்கப்போகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ படிக்கவில்லை. காற்றுக்குகை வாசலில், நாம் அங்கிருந்து வந்த கதையைச் சொன்னாய். கரடி வீட்டுப் பக்கம், அம்மா கிழங்கு தோண்டப் போகும்போது மூத்த மகளைப் போர்வையில் கட்டிச் சுமந்துபோனதைச் சொன்னாய். துவர்ப்புப் பழத்தைக் கல்லில் வைத்து இடிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று தொடையில் தட்டிக் காட்டினாய், ஓட்டிக்கொண்டே.

பிக்ஹார்ன் மலையில் ஏறும்போது அம்மா இறந்ததைச் சொன்னாய். கடைசி வாரம் அம்மாவுக்குப் பார்வை மங்கி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த லவோனை நான் என்று நினைத்துக்கொண்டதை. "ஆர்டெல், வந்துட்டியா?" என்று கேட்டதை. லவோன் ஒரு நிமிஷம் உன்னைப் பார்த்துவிட்டு, "வந்துட்டேம்மா" என்று சொன்னதை. அம்மா போகும்வரை நாலு நாளும் லவோன் நானாகவே இருந்ததை. நீ என் பேரைச் சொல்லவில்லை, "அந்த மக" என்றுதான் சொன்னாய். எனக்குக் கேட்டது என் பேர்தான்.

ஹோல்கேட் அம்மாளுக்குக் காதில் விழவில்லை. "என்ன சொல்றான்? எல்லாரும் ஏன் கண்ணத் தொடைக்கிறாங்க?" என்று என் கையை உலுக்கினாள். அவளுக்குக் கத்திச் சொன்னால்தான் கேட்கும். கத்தினேன். "அவங்கம்மா சாகறப்ப மருமகள மகள்னு நெனச்சுட்டாங்களாம்!"

"அப்போ அந்த மக எங்க இருந்தா?" என்று அவளும் கத்தினாள்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தெரியலம்மா" என்றேன்.

உன் மைக் 'டப்' என்று அணைந்தது.

கடைசி நாள். சீனிக் தாண்டித் தெற்கே திரும்பினாய். இஞ்சின் சூடு, தெரிந்த வீட்டில் தண்ணீர் வாங்கவேண்டும் என்றாய். வீட்டுக்குக் கூரை மாறியிருந்தது, கதவு மாறியிருந்தது. பின்னாலிருக்கிற குன்று மட்டும் என்னைத் தெரியும் என்பதுபோல் இருந்தது. கொடியில் போர்வை. லவோனை முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குப் பதிலாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கதவு திறந்திருந்தது.

எழுந்தேன் தம்பி. சத்தியமாக எழுந்தேன். இரண்டு இருக்கைக் கம்பிகளைப் பிடித்துவிட்டேன். "எங்க போற? இங்கல்லாம் கக்கூஸ் இருக்காது" என்றாள் ஹோல்கேட் அம்மாள். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். உன் பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன், எல்லாரையும் போல. நீ ஏறினாய், கதவை மூடினாய்.

"என்னடி அழற?" என்று கேட்டாள்.

"தூசி" என்றேன்.

அந்த முற்றத்தை விட்டுப் போக இருபது வயதில் எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மூன்று படி இறங்கி அதற்குள் போக இந்த வயதில் முடியவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஆர்டெல்


கைல்
21 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ வந்துபோனதற்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்தது.

எனக்குத் தெரியும் அக்கா.

முதல் நாள் நீ ஏறும்போதே தெரியும். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, வலது காலை முதலில் வைத்தாய். அம்மா பிக்கப் வண்டியில் ஏறுவது அப்படித்தான். தலைத்துணியும் கறுப்புக் கண்ணாடியும் முகத்தைத்தான் மறைக்கும். நான் வேறு பக்கம் திரும்பியது உன்னைத் தெரியாததால் இல்லை. என் முகத்தை நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

அக்காளின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று நம்மை வளர்த்தார்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து. சாலையையும் கொஞ்சம் பார்த்தேன், பயப்படாதே.

நேரில் சொல்கிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியாமல். கையில் மைக் இருந்தது, நீ பின்னால் இருந்தாய். இருபது பேர் கேட்டார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சொன்னேன். அம்மா உன்னைக் கேட்டார்கள். நீ வந்துவிட்டாய் என்ற நினைப்போடுதான் போனார்கள். அதை உனக்குச் சொல்லாமல் நானும் செத்துவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் கத்திக் கேட்டபோது மைக்கை அணைக்காமல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியுமே, மூன்றாவது வரிசையில்.

வீட்டு வாசலில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாததற்கு நீ என்னைத் திட்டலாம். கூப்பிட்டிருந்தால் நீ இறங்கியிருப்பாய். ஆனால் அத்தனை கேமராக்களுக்கு முன்னால், நான் பிடித்து இழுத்த மாதிரி ஆகியிருக்கும். நீயாக வரவேண்டும் என்று நினைத்தேன். கதவைத் திறந்து வைப்பதுதான் என்னால் ஆனது. திரும்பிப் பார்க்காமல் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எழுந்தது கேட்டது. உட்கார்ந்ததும் கேட்டது. அப்புறம் அந்தக் கதவை இரண்டு தடவை இழுத்துத்தான் மூடினேன்.

சுற்றுலா பஸ் இந்த வருஷத்துக்கு முடிந்தது. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் எதையும் படம் எடுப்பதில்லை, எனக்கு நிம்மதி.

லவோனிடம் எல்லாம் சொன்னேன். "அந்த மூணாவது ஜன்னலா?" என்று கேட்டாள். அப்புறம் எனக்கு ஒரு அடி கொடுத்தாள். "சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனே" என்கிறாள்.

அக்டோபர் பதினைந்து, சனிக்கிழமை.

தம்பி
ஈனோஸ்


கைல், தெற்கு டகோட்டா
24 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய ஹோல்கேட் அம்மாவுக்கு,

ஆர்டெல் எழுதுகிறேன். உங்கள் காது மெஷினுக்கு பேட்டரி மாற்றினார்களா? புதுப் பெண் காபியில் அதிகம் சர்க்கரை போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைத் திட்டாதீர்கள், அளவுக் கரண்டி எங்கே இருக்கிறது என்று நான்தான் சொல்ல மறந்தேன். இரண்டாவது இழுப்பறை.

என் தம்பிக்காக அவன் முதலாளிக்கு நீங்கள் எழுதியதற்கு நன்றி. "நான் கொடுத்த காசுக்கு உருப்படியாகப் பார்த்தது அந்த வீட்டு முற்றம் ஒன்றுதான்" என்று எழுதினீர்களாமே. அதை அவர் தம்பியிடம் படித்துக் காட்டினாராம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் வேலை போனது நமக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்க, லவோன் எனக்கு எழுதியதை அவனிடம் நான் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, அதற்கு அவளிடம் ஏச்சு வாங்கினேன்.

எப்போது திரும்பி வருவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ராப்பிட் சிட்டியில் பஸ் நின்றபோது என்னைக் கூட்டிப்போக எல்லாரும் வந்திருந்தார்கள். இறங்கினேன். லவோன் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் பெட்டிக்குச் சண்டை போட்டார்கள். தம்பி வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாப் பொட்டியும் வந்துடுச்சான்னு கேளு" என்று லவோனிடம் சொன்னான், நான் அவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே. "வந்துடுச்சுன்னு சொல்லு" என்று நானும் லவோனிடமே சொன்னேன். "நான் என்ன தபால்காரியா?" என்றாள் அவள். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு இது மரியாதை.

விருந்துக்கு ஊரே வந்தது. எருமைக்கறிச் சூப், பொரித்த ரொட்டி, துவர்ப்புப் பழக் கூழ். முதல் தட்டு அம்மாவுக்கு. அதை யார் வைப்பது என்று வந்தபோது சித்தப்பா என்னைப் பார்த்தார். சொல்லவேண்டிய வார்த்தைகள் எனக்கு மறந்துவிட்டன. பாதியில் நின்றேன். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் அடுத்த வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுத்தார், அதற்கடுத்ததை லவோன். அப்படியே பிடித்துப் பிடித்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் போர்வைகளையும் பாத்திரங்களையும் வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பினோம். அம்மா போய்விட்டார்கள். இந்தத் தடவை நான் இருந்தேன்.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது லவோனிடம் கேட்டேன். "அந்த நாலு நாளும் எம் பேர்ல அம்மாகிட்ட என்ன பேசின?"

"நான் எங்க பேசினேன்? அவங்க கேட்டாங்க, நான் ஆமாம்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"சாப்பிட்டியான்னு. பட்டணத்துல குளிருமான்னு. பையன் யாரு சாடைன்னு." ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தாள். "அப்புறம், இனிமே போகமாட்டியேன்னு."

"அதுக்கு?"

"போகமாட்டேம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது அண்ணி? மன்னிச்சுக்கங்க. உங்களக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன்."

அதனால், ஹோல்கேட் அம்மா, நான் திரும்பி வருவதற்கில்லை. இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் வேண்டும் என்கிறார்கள். என் குளிர்கோட்டைப் புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள், அளவு சரியாக இருக்கும். அவளைச் சத்தமாகக் கூப்பிடுங்கள், கோபமாகக் கூப்பிடவேண்டாம்.

இன்று காலையில் அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தேன். லவோன் மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் எழவில்லை. தம்பி பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கக் கிளம்பி வாசல்வரை போனவன் நின்றான். சொல்லி அனுப்ப வீட்டில் யாருமில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடியே, "அக்கா, காப்பி இருக்கா?" என்றான்.

"இருக்கு" என்றேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
ஆர்டெல்